இறங்காமல் கடந்த ஊர்

(நமது கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது ஒரு பிரயாண அனுபவத்தைச் சொல்லுங்கோ ஸார், அரை மணி நேரம் போதும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இதே மேடையில் கைலாச யாத்திரை பற்றிப் பேசியிருக்கிறார்கள், ஸ்விட்சர்லாந்து பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் பேசப்போவது போபாலைப் பற்றி. நம்முடைய நாகபுரியிலிருந்து ரயில் பாதையில் சுமார் 390 கிலோமீட்டர், ஆறு மணி நேரப் பயணம். காலை டிபனை இங்கே முடித்துக்கொண்டு மாலைக் காப்பியை அங்கே குடிக்கலாம். அந்த ஊருக்குப் போய்ச் சேர எனக்கு முப்பத்தைந்து வருஷம் பிடித்தது. அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1973-ல் பி.எஸ்சி. பௌதிகப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். அதே நாள், அதே மேஜைக்கு எதிர் நாற்காலியில் இன்னொருவர் சேர்ந்தார். கும்பகோணம் பக்கத்துக்காரர், ரசாயனப் பட்டதாரி. என்னைவிட ஒரு வயது பெரியவர். ஆனாலும் ஒரே நாள் சேர்ந்தவர்கள் என்பதால் 'வாடா, போடா' தான். பதினேழு வருஷம் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். 1990-ல் அவருக்குப் போபாலுக்கு மாற்றல் ஆயிற்று. அங்கேயே வீடு கட்டிக்கொண்டு, ஓய்வு பெற்றும் அங்கேயே தங்கிவிட்டார்.

நான் ஆபீஸ் வேலையாகவும், பின்னால் நொய்டாவில் இருக்கும் பெண் வீட்டுக்காகவும் டில்லி போகும்போதெல்லாம் வண்டி போபாலில் பத்து நிமிஷம் நிற்கும். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டால் போதும். நண்பர் பிளாட்பாரத்தில் நிற்பார். ஒரு கையில் காப்பி பிளாஸ்க், இன்னொரு கையில் மன்னி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலம். ஜன்னல் கம்பிக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாகப் பேசுவோம். வண்டி நகரும்போது அவர், "அடுத்த தடவையாவது இறங்குடா. சாஞ்சி இருக்கு, பீம்பேட்கா இருக்கு, எல்லாம் காட்டறேன்" என்பார். "கட்டாயம், அடுத்த தடவை" என்பேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது தடவை என்று வைத்துக்கொண்டால் முந்நூறு நிமிஷம். இருபது இருபத்தைந்து வருஷத்து நட்புக்கு நான் ஒதுக்கியது ஐந்து மணி நேரம்.

மூன்று வருஷமாக அவர் ஸ்டேஷனுக்கு வருவதில்லை. முழங்கால் வலி என்றார். பொங்கலுக்கும் வருஷப் பிறப்புக்கும் இன்லண்டு லெட்டரில் முத்து முத்தாக எழுதுகிறவர், அதையும் நிறுத்தியிருந்தார். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். போன் பேசினால் குரல் பழையபடிதான் இருந்தது.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் பழைய பெட்டியை ஒழிக்கும்போது அவர் கடிதங்கள் ஒரு கட்டு கிடைத்தது. என் மனைவி புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி வா, வா என்றே இருக்கு. நீங்க ரிட்டையர் ஆகிப் பதினாலு வருஷம் ஆச்சு. இன்னும் உங்களுக்கு யார் லீவு சாங்ஷன் பண்ணணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே டிக்கெட் எடுத்தேன்.

2025 பிப்ரவரியில் கிளம்பினோம். பேதூலைத் தாண்டியதும் சாத்பூரா மலைக்காடுகள், தேக்கு மரங்கள். இடார்சி ஜங்ஷனுக்குப் பிறகு நர்மதைப் பாலம். எல்லோரையும் போல நாங்களும் கைகூப்பினோம். ஹோஷங்காபாத் என்று நாம் பழகிய அந்த ஊருக்கு 2022 முதல் நர்மதாபுரம் என்று பெயர். அதற்கப்புறம் வண்டி புத்னி மலைப்பாதையில் விந்திய மலை ஏறுகிறது. ஏறி முடித்ததும் காட்டுக்கு மேலே கோட்டை மதில் மாதிரி சில பாறைகள் தெரியும். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போபால் ஸ்டேஷனில் நண்பர் நின்றுகொண்டிருந்தார், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுடன். நேராகப் போய் எதிரில் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. இத்தனை வருஷம் வராததற்குக் கோபம், முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்றுதான் நினைத்தேன். "என்னடா, பேச மாட்டியா?" என்றேன். "பேசறதுக்கென்ன? உன்னைப் பார்க்கத்தாண்டா இப்படித் திரும்பறேன். நேரே பார்த்தா உன் மூஞ்சி இருக்கற இடத்துல ஒரு புகைதான் தெரியறது" என்றார்.

விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாகுலா என்று பெயர். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதன் வேலை. வயதானால் சிலருக்கு அந்த இடம் மட்டும் தேய்ந்துபோகிறது. ஓரப் பார்வை மிஞ்சியிருக்கும். ஆகையால் எதையாவது பார்க்க வேண்டுமானால் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொள்கிறார்கள். அவருக்கு இரண்டு கண்ணிலும் அப்படி. கடிதம் நின்றதற்கும் ஸ்டேஷனுக்கு வராததற்கும் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பௌதிகம் படித்தவன், எதிலும் காரணம் தேடுகிறவன் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு. மூன்று வருஷம் தடயங்கள் கண்ணெதிரே இருந்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இங்கே வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரன் பேத்தியின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் அந்தப் புள்ளியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, நடுவில் அழிந்தாற்போல் இருந்தாலோ, அந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள். ரத்தக் கசிவுள்ள வகையை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஊசி மருந்து இருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். நண்பருக்கு அப்படித்தான் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்குப் போனதும் மன்னி வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ. ஜன்னல் வழியாவே பார்த்துண்டிருந்தவாளை வாசல் வழியாப் பார்க்கறேன்" என்றார். காப்பி குடித்ததும் நான் நண்பரிடம், "உன்னை அலைய வைக்க வேண்டாம். வீட்டிலேயே நாலு நாள் பேசிண்டிருப்போம்" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "முப்பத்தஞ்சு வருஷமாக் காட்டறேன் காட்டறேன்னு சொல்லிண்டிருக்கேன். கண் போச்சுன்னா வாக்கும் போச்சா? எனக்கு அங்கே ஒவ்வொரு கல்லும் தெரியும். நீ கண்ணைக் கொண்டு வா, போதும்" என்றார்.

அன்று மாலை பெரிய ஏரிக்கரைக்கு நடந்தோம். பதினோராம் நூற்றாண்டில் பரமார வம்சத்துப் போஜராஜன் வெட்டியது என்று சொல்லப்படும் ஏரி. கீழ் ஏரியும் சேர்ந்து 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. போபாலை 1819-லிருந்து 1926 வரை நூறு வருஷத்துக்கு மேல் நான்கு பேகம்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். குத்ஸியா, சிக்கந்தர், ஷாஜஹான், சுல்தான் ஜஹான். ஷாஜஹான் பேகம் ஆரம்பித்த தாஜுல் மஸாஜித் என்ற பிரம்மாண்டமான மசூதி நிதி இல்லாமல் நின்று, 1985-ல்தான் முடிந்தது. இந்த ஊரில் தேநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறார்கள். குடித்துப் பார்த்தேன். காப்பிக் கட்சியிலிருந்து மாறும் உத்தேசம் இல்லை.

மறுநாள் பீம்பேட்கா. போபாலுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். ரயிலிலிருந்து தெரிகிறது என்று சொன்னேனே, அந்தப் பாறைகள்தான். 1957-ல் விஷ்ணு வாகண்கர் என்ற உஜ்ஜயினி அறிஞர் இதே பாதையில் ரயிலில் போகும்போது இவற்றைப் பார்த்தார். ஐரோப்பாவில் ஆதிமனிதர்கள் தங்கிய குகைப் பாறைகள் மாதிரி இருக்கிறதே என்று சந்தேகம் வந்து தேடிக்கொண்டு போனார். எழுநூறுக்கும் மேற்பட்ட பாறைக் குடில்கள், அவற்றில் நானூறுக்கு மேல் ஓவியங்கள் உள்ளவை. 2003-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. நானும் அந்தப் பாறைகளை அதே ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்தவன்தான்.

பார்வைக்குத் திறந்திருப்பது பதினைந்து குடில்கள். பாதை சமதளமாக இருக்கிறது, எழுபது தாண்டியவர்களும் சிரமமில்லாமல் நடக்கலாம். நண்பர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு பாறையின் முன் நிறுத்தி, "தலைக்கு மேலே, வலது பக்கம் பார். என்ன தெரியறது?" என்றார். "யானை" என்றேன். "எந்த நிறம்?" "வெள்ளை." "அதுக்கு மேலே சிவப்பா ஏதாவது?" உற்றுப் பார்த்தேன். யானையின் உடம்பின் மேலேயே காவி நிறத்தில் குதிரை வீரர்கள் வரிசையாகப் போகிறார்கள்! ஒருவர் வரைந்த படத்தின் மேல் பல ஆயிரம் வருஷம் கழித்து இன்னொருவர் வரைந்திருக்கிறார். பழைய படங்கள் பத்தாயிரம் வருஷம் வரை இருக்கும் என்று கணிக்கிறார்கள். குதிரைப் படைகள் சரித்திர காலத்தவை. வர்ணம் எல்லாம் மண்ணும் கல்லும்தான். சிவப்புக்கு இரும்பு ஆக்ஸைடு, அதாவது நம் வாசலில் கோலத்துக்கு இடும் காவி. ரசாயனப் பட்டதாரி இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய மண்டபம் போன்ற ஒரு குகையில் நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். 2021 பிப்ரவரியில் பத்திரிகைகளில் வந்த செய்தி. இந்தக் குகையின் கூரைப் பக்கத்தில் டிக்கின்ஸோனியா என்ற, 55 கோடி வருஷத்துக்கு முந்திய ஜீவனின் படிவத்தை வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டார்கள் என்று. அந்தத் துண்டை வெட்டி வைத்திருந்தேன். நண்பர் சிரித்தார். "பாக்கிக் கதை தெரியாதா உனக்கு? 2023-ல வேற விஞ்ஞானிகள் வந்து பார்த்தா, அது பாறையை விட்டு உரிஞ்சு வந்துண்டிருக்கு. மலைத்தேனீக் கூட்டோட மிச்சம்டா அது! முதல்ல சொன்ன விஞ்ஞானியும் ஆமாம், நான் சொன்னது தப்புன்னு ஒத்துண்டார். மன்னிதான் பேப்பர்ல படிச்சுச் சொன்னா."

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். பிறகு, "நானும் ஒரு தப்பை ஒத்துக்கணும்டா. உனக்குக் கண் தெரியறபோதே வந்திருக்கணும்" என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "தயிர் சாதம் கொண்டு வந்திருக்கியோல்லியோ, பசிக்கறது" என்றார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் சாஞ்சி. வடகிழக்கே 46 கிலோமீட்டர். வழியில் சாலையில் கோடு போட்டு, பலகை வைத்திருக்கிறார்கள், கடக ரேகை என்று. காரை நிறுத்தச் சொல்லிக் கோட்டின் மேல் இரண்டு கிழவர்களும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பூமியின் அச்சுச் சாய்வு மெதுவாகக் குறைந்துகொண்டு வருவதால் இந்த ரேகை வருஷத்துக்குச் சுமார் 14, 15 மீட்டர் தெற்கே நகர்கிறது. "நாம ரெண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தப்போ இது முக்கால் கிலோமீட்டர் வடக்கே இருந்தது" என்று கணக்குச் சொன்னேன். "அதுகூட என்னைப் பார்க்க நகர்ந்து வந்திருக்கு பார்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சாஞ்சி பெரிய ஸ்தூபியை நம் 200 ரூபாய் நோட்டின் பின்பக்கம் தினம் பார்க்கிறோம். அசோகர் செங்கல்லில் கட்டியது. பிறகு சுங்கர் காலத்தில் கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள், சாதவாகனர் காலத்தில் நான்கு தோரண வாயில்கள் வந்தன. காடு மூடிக் கிடந்ததை 1818-ல் டெய்லர் என்ற ராணுவ அதிகாரி கண்டார். புதையல் ஆசையில் பலர் தோண்டிச் சிதைத்தபின், 1912-லிருந்து 1919 வரை ஜான் மார்ஷல் சீர் செய்தார். அரை மணியில் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் தோரணத்தைப் பார்ப்பார்கள். நண்பர் என்னைச் சுற்றுவேலிக் கல்லிடம் அழைத்துப் போனார்.

"கல்லுல சின்னச் சின்ன எழுத்து தெரியறதா? வரியோட கடைசியைப் பார். ஆங்கில டி எழுத்தைத் தலைகீழா நிறுத்தின மாதிரி ஒண்ணு, பக்கத்துல ஒரு புள்ளி. இருக்கா?" தேடினேன். இருந்தது! "அடுத்த வரியைப் பார்." அதிலும் இருந்தது. அதற்கடுத்த கல்லிலும். "அதுதான் 'நம்'. அதுக்கு முன்னால இருக்கறது 'தா'. தானம்! பிராமி எழுத்தை யாராலும் படிக்க முடியாம இருந்தது. 1837-ல ஜேம்ஸ் பிரின்ஸெப் இந்தக் கல்வெட்டுகளோட பிரதிகளைப் பார்த்தார். எல்லாம் குட்டி வரி, எல்லாம் ஒரே எழுத்துல முடியறது. கோயில்ல ஜனங்க எழுதி வைக்கறது என்னவா இருக்கும்? இன்னார் கொடுத்த தானம்னுதானே! அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுண்டு மத்த எழுத்தையும் படிச்சார். அசோகரையே அப்புறம்தான் நமக்குத் தெரியும்."

உடம்பு சிலிர்த்தது. நம் கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று பாதி வெளிச்சத்தை மறைத்து எழுதுவதை நாம் கேலி செய்கிறோம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் அதே கதைதான், ஆனால் அதுவே சரித்திரத்தின் கதவைத் திறந்தது. இங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ராஜாக்கள் மட்டும் இல்லை. வியாபாரிகள், குடும்பஸ்தர்கள், பிக்ஷுணிகள், சாதாரணப் பெண்கள். தெற்குத் தோரணத்தில் ஒரு சிற்பத்தைச் செதுக்கியது விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் என்று எழுதியிருக்கிறது. யானைத் தந்தத்தில் பழகிய கை கல்லில் இறங்கியிருக்கிறது. அந்த நுணுக்கத்தைப் பார்க்கும்போது நம்பத் தோன்றுகிறது.

சாஞ்சியிலிருந்து விதிசை பத்து கிலோமீட்டர். அங்கே வயலுக்கு நடுவில் ஒரு கல்தூண். உள்ளூரில் காம்பா பாபா என்று கும்பிடுகிறார்கள். தட்சசீலத்து கிரேக்க மன்னன் அந்தியால்கிதாஸ் அனுப்பிய தூதர் ஹீலியோடோரஸ், தம்மைப் பாகவதர் என்று சொல்லிக்கொண்டு, வாசுதேவருக்கு நிறுத்திய கருட ஸ்தம்பம் அது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. 1877-ல் புகழ் பெற்ற கன்னிங்ஹாமே வந்து இந்தத் தூணைப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் பக்தர்கள் பூசிய செந்தூரம் கனமாகப் படிந்திருந்ததால் கீழே எழுத்து இருந்தது அவருக்குத் தெரியவில்லை. 1909-10 வாக்கில்தான் அது வெளிப்பட்டது. அதில் மூன்று குணங்கள் சொல்லியிருக்கிறது: தமம், தியாகம், அப்ரமாதம். புலனடக்கம், ஈகை, கவனம் தவறாமை. "மூணாவதுதான் கஷ்டம்" என்றார் நண்பர். என்னைச் சொன்னாரா, தம் கண்ணைக் கவனிக்காமல் விட்டதைச் சொன்னாரா தெரியாது. நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை போஜ்பூர். பேத்வா நதிக்கரையில், சுமார் 28 கிலோமீட்டர். போஜராஜன் ஆரம்பித்து முடிக்காமல் விட்ட சிவன் கோயில். லிங்கம் மட்டும் ஏழரை அடி.  நம் ராஜேந்திர சோழன் காலத்தவர் போஜர். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் போஜர் பட்டத்துக்கு வந்தார். தஞ்சையில் முடிந்த வேலையைப் பார்க்கிறோம். வேலை எப்படி நடந்தது என்பதை இங்கே பார்க்கலாம். கல்லை மேலே இழுத்துப் போகக் கட்டிய மண் சரிவு கோயிலுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. சுற்றியுள்ள பாறைகளில் தூண், விமானம், தரைப்படம் எல்லாம் கோடு கோடாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கட்டுவதற்கான வரைபடங்கள்! "எஸ்டிமேட் சாங்ஷன் ஆயிருக்கு, பிளான் ரெடி, வேலையும் நடந்திருக்கு. கம்ப்ளீஷன் சர்டிபிகேட்தான் வரலை" என்றார் நண்பர். நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. பூஜை மட்டும் நிற்கவில்லை. முடியாத கோயிலிலும் சுவாமி இருக்கிறார், சிவராத்திரிக்குக் கூட்டம் அலைமோதும் என்றார்கள்.

அன்று மாலை நான் கேட்டுக்கொண்டதன் பேரில் வடக்குப் பகுதிக்குப் போனோம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு மெதைல் ஐசோசயனேட் வாயு கசிந்த பூச்சிக்கொல்லி ஆலை அங்கேதான் துருப்பிடித்து நிற்கிறது. எதிரில் ஒரு தாயின் சிலை, கையில் குழந்தை. டச்சு நாட்டுச் சிற்பி ரூத் வாட்டர்மன் 1985-ல் செய்தது. அந்தத் தெருவில் சுற்றுலா மனநிலையில் நிற்க முடியாது. அந்த ஆலையில் கிடந்த நச்சுக் கழிவில் சுமார் 337 டன்னை, நாங்கள் போவதற்கு முந்தைய மாதம், 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துச் சென்றார்கள். நாற்பது வருஷம்! 'அடுத்த தடவை', 'பரிசீலனையில் உள்ளது' என்ற சொற்களைச் சர்வீஸில் நானும் ஏராளமாக எழுதியவன். அங்கே நின்றபோது அந்தச் சொற்கள் ஞாபகம் வந்தன.

இனி, வீட்டு விஷயம். எங்கே போனாலும் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். நண்பரும் நானும் கிளம்பிப் போனால், என் மனைவி ஒரு நாள்தான் எங்களோடு வந்தாள். மற்ற நாள் மன்னியுடன் இருந்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம், இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் இருக்கிறாளே என்று. திரும்பும் ரயிலில்தான் சொன்னாள். மூன்று வருஷமாக மன்னி ஒரு நாள்கூட மத்தியானம் படுத்ததில்லையாம். காலையில் பேப்பர் படித்துக் காட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, பாங்க், கரண்ட் பில், அவர் எழுந்தால் கூடவே எழுந்திருப்பது. பிள்ளை வெளிநாட்டில். "உங்களோட அவரை அனுப்பிட்டு, மூணு நாளும் ரெண்டு மணி நேரம் தூங்கினா. அதைப் பார்த்ததே எனக்கு சாஞ்சி பார்த்த மாதிரி" என்றாள். நான் கல்வெட்டு படித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டில் படிக்க வேண்டியதை அவள் படித்திருக்கிறாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் நாலு ராத்திரி தங்கினோம், ஒன்று அதிகம்தான். எங்கள் வயதில் நண்பர் வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். காப்பிப் பொடி முதற்கொண்டு நம் தேவைகளை நாமே கொண்டுபோக வேண்டும். கார் வாடகையை முதல் நாளே வாதாடி நாம் கொடுத்துவிட வேண்டும். ஒரு வேளை சமையலை நம் வீட்டுப் பெண்மணியோ, முடிந்தால் நாமோ ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் மூன்றாம் நாள் ரசம் வைத்தேன், யாரும் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். குளிர்காலத்தில் போவது உத்தமம். பட்டியல் முடிக்கப் போகவில்லை, ஆளைப் பார்க்கப் போகிறோம் என்பது நினைவிருக்க வேண்டும்.

உதயகிரிக் குகைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். குப்தர் காலத்து வராக மூர்த்தி அங்கே ஆளுயரத்துக்கு மேலே நிற்கிறார். "அது அடுத்த தடவைக்கு" என்றார் நண்பர். இந்த முறை நான் 'கட்டாயம்' என்று சொல்லவில்லை. டைரியை எடுத்து, அவர் எதிரிலேயே நவம்பர் மாதம் ஒரு தேதியைக் குறித்து, சத்தமாகப் படித்துக் காட்டினேன். இப்போது தினமும் காலை ஏழரை மணிக்கு நான் போனில் அவருக்குப் பேப்பர் படிக்கிறேன், அரை மணி நேரம். அந்த நேரத்தில் மன்னி காப்பியை உட்கார்ந்து குடிக்கிறார். இதற்கு ரயில் டிக்கெட்கூட வேண்டாம்.

நம் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கல்யாணம், சதாபிஷேகம் என்றால் எவ்வளவு தூரமானாலும் போகிறோம். பத்திரிகை வராத வீட்டுக்குப் போவதில்லை. உங்கள் எல்லோரிடமும் ஒரு பழைய டைரி இருக்கும். அதில் யாருடைய கடிதம் நின்றுபோயிற்று, யாருடைய குரல் மட்டும் வருகிறது என்று ஒரு தடவை பாருங்கள். முடிந்தால் அடுத்த முறை அந்த ஸ்டேஷனில் இறங்குங்கள்.